கீழக்கரை மணலில் செய்முறைக் கலை

செய்முறைக் கலையில் ஓவியர், சிற்பி போன்ற ஒரு கலைஞர் செய்முறையை எழுதித் தருவார், வருகிறவர்கள் செய்வார்கள். 1993இல் பாரிஸில் முளைத்த 'டூ இட்' கண்காட்சி இந்த வகைதான். 2016இல் ஷார்ஜாவில் அது அரபியிலும் நடந்தது.

நம் கரையில் நடத்த, அஞ்சலட்டை அளவில் 30 அட்டை போதும். ஓர் அட்டைக்கு ஒரே வேலை. "கடலை உணருங்கள்" என்று எழுதினால் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "ஏழு காலடி நடங்கள். ஓலையில் வளைகுடா நாட்டில் இருக்கும் ஒருவர் பெயரை எழுதி மணலில் நடுங்கள்" என்றால் கை தானாக வேலை செய்யும்.

காய்ந்த பனையோலை மடித்தால் ஒடியும். முதல்நாள் இரவே ஊறப்போட்டு, துடைத்துவிட்டு மார்க்கரால் எழுதுங்கள்.

அட்டையில் அரபியும் சேர்த்தால், அது வலமிருந்து ஓடுவதால் தமிழை மறுபக்கம் வையுங்கள். பழைய மென்பொருளில் அரபி எழுத்துகள் பிரிந்து தலைகீழ் வரிசையில் விழும். அச்சுக்கு முன் ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கச்சான் காற்றில் அட்டை பறக்கும். கயிறு கட்டி, துணிக் கிளிப் மாட்டுங்கள். பாரத்துக்குப் பவளக்கல் வேண்டாம், சட்டப்படி குற்றம், செங்கல் போதும். முடிந்ததும் நைலான் கயிறு ஒரு முழம்கூட மிஞ்சாமல் சுருட்டிவிடுங்கள், ஆமை சிக்கும்.