நலத்திட்டச் சோதனைக்கு ஊர்களைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள்

ஒரு நலத்திட்டத்தையோ வேலைவாய்ப்புத் திட்டத்தையோ நாடு முழுக்கக் கொண்டுவரும் முன் சில பின்தங்கிய பகுதிகளில் சோதித்துப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் எந்தெந்தப் பகுதிகள் என்பதைப் பல அரசுகள் அவசர அவசரமாக முடிவு செய்துவிடுகின்றன.

அடிக்கடி நடக்கும் தவறு, புள்ளிவிவரத்தில் கடைசியில் நிற்கும் ஊர்களை அப்படியே எடுத்துக்கொள்வது. பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஓர் ஊரில் ஒரு வருடம் வேலையின்மை உச்சத்துக்குப் போனதற்கு ஆலை மூடலோ வறட்சியோ காரணமாக இருக்கலாம். எந்தத் திட்டமும் வராவிட்டால்கூட அடுத்த வருடம் அது ஓரளவு இறங்கியிருக்கும். அந்த இறக்கமும் திட்டத்தின் கணக்கில் வெற்றியாக ஏறிவிடும். அதனால், அதே நிலையிலுள்ள, திட்டம் வராத வேறு ஊர்களையும் தொடக்கத்திலேயே குறித்துவைத்து அங்கும் அளக்க வேண்டும். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தரும் ப்ரோக்ரெசா திட்டத்தின் மதிப்பீட்டில் 506 கிராமங்கள் இருந்தன. குலுக்கல் முறையில் 320 கிராமங்கள் முதலில் சேர்க்கப்பட்டன. மற்ற 186 கிராமங்களுக்குப் பிறகு உதவி போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாதபோது, குலுக்கலைவிட நேர்மையான வரிசை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சராசரியை நம்பி ஏமாறுவது இன்னொன்று. ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை வெளியிடும் பின்தங்கிய நிலைக் குறியீடு பகுதிகளுக்கானது, தனிமனிதர்களுக்கானது அல்ல. வசதியான பகுதிக்குள் வாழும் ஏழைகள் அதில் தெரியவே மாட்டார்கள்.

வேலைவாய்ப்புச் சோதனை என்றால் உள்ளூரில் வேலை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், பயிற்சி பெற்றவருக்குக் கிடைக்கும் வேலை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கும். வேலை தேடும் இளைஞர்களுக்கு உதவ பிரான்சில் 235 பகுதிகளில் நடந்த ஒரு பெரிய சோதனையில் இதைத்தான் கண்டார்கள்: உதவி பெற்றவர்கள் அடைந்த பலனில் ஒரு பகுதி, உதவி பெறாத மற்ற வேலை தேடுவோரின் இழப்பில் வந்தது. திட்டத்தில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

சம்மதம் பற்றிய தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2016-இல் ஆஸ்திரேலியா, செடூனா, கிழக்கு கிம்பர்லி என்ற தன் இரு பகுதிகளில் அரசு உதவித்தொகையின் 80 சதவீதத்தை மதுவுக்கோ சூதாட்டத்துக்கோ செலவழிக்க முடியாத அட்டையில் போட்டுக் கொடுத்தது. உள்ளூர்த் தலைவர்கள் சிலரின் ஆதரவையே ஊரின் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். விலகிக்கொள்ளும் வாய்ப்பைத் தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சமூகத் தீங்கு குறைந்ததா என்று முடிவுக்கு வருவதே கடினம் என்று 2018-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. அதற்குள் திட்டம் மூன்றாவது பகுதிக்குப் போய்விட்டது. தற்காலிகமாகத் தொடங்கியதை நிறுத்த 2022-இல் புதுச் சட்டம் தேவைப்பட்டது. சோதனை எப்போது முடியும், எந்த முடிவு வந்தால் கைவிடப்படும், விரும்பாதவர் எப்படி வெளியேறலாம் என்ற மூன்றையும் ஊர் மக்களிடம் எழுத்தில் கொடுத்த பிறகே முதல் பயனாளியைச் சேர்க்க வேண்டும்.