ஹோண்டா சிவிக்கில் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துவது எப்படி (1996–2000)

வட அமெரிக்காவில் 1996 முதல் 2000 வரை விற்ற ஆறாம் தலைமுறை ஹோண்டா சிவிக்கில், 1.6 லிட்டர் டி16ஒய்7 எஞ்சினோடு நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வந்த டிஎக்ஸ், எல்எக்ஸ் மாடல்களுக்கான குறிப்பு இது. எச்எக்ஸ் மாடலின் சிவிடிக்கு (பெல்ட்டால் இயங்கும், படிகளில்லாத ஆட்டோமேட்டிக்) வயரிங் வேறு. அதற்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

இந்தக் காரில் இந்த வேலை வீட்டில் சாத்தியமாவதற்குக் காரணம், இதே பாடியில் ஐந்து கியர் மேனுவலும் கம்பெனியிலிருந்தே வந்திருப்பதுதான். வெல்டிங் கிடையாது, எதையும் வெட்டி ஒட்டவும் வேண்டாம். ஆனாலும் பாதியில் நின்று மாதக்கணக்கில் ஸ்டாண்டின் மேல் கிடக்கும் சிவிக்குகள் ஏராளம். பெரும்பாலும் கியர்பாக்ஸ் கிடைக்காததால் அல்ல, ஒரு பிராக்கெட்டோ ஒரு ஆக்சிலோ கைவசம் இல்லாததால்தான். அதனால் உதிரிகளைத் துண்டு துண்டாகச் சேர்க்காதீர்கள். அடிபட்ட மேனுவல் சிவிக் ஒன்றை முழுதாக வாங்கி, அல்லது பழைய கார் யார்டில் ஒரே காரிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

<b>எடுக்க வேண்டியவை</b>

கியர்பாக்ஸ், அதன் மவுண்ட், அதைத் தாங்கும் எல்லா பிராக்கெட்டுகளும் (பின்பக்க 'டி' வடிவ பிராக்கெட்டை மறப்பவர்களே அதிகம்). ஃப்ளைவீல், அதன் ஆறு போல்ட்டுகள். கிளட்ச் ஃபோர்க், அதன் ரப்பர் உறை. மேனுவலுக்கான ஸ்டார்ட்டர் மோட்டார். ஆட்டோமேட்டிக்கின் ஸ்டார்ட்டர் பொருந்தாது. இரண்டு ஆக்சில்களும். கிளட்ச் பெடல் பிராக்கெட்டோடு, பிரேக் பெடலும் சேர்த்து. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை எண்ணெய்க்கு மாற்றுவது), அதன் எண்ணெய்க் குப்பி, ஸ்லேவ் சிலிண்டர் (அந்த அழுத்தத்தால் கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுவது), இடையிலுள்ள இரும்புக் குழாயும் ஹோஸும். கியர் லிவர், அதிலிருந்து பெட்டிக்குப் போகும் இரண்டு கம்பிகள், புஷ்களோடு. மேனுவல் காரின் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்). ரிவர்ஸ் விளக்கு சுவிட்சின் பிளக்கும், வெட்டி எடுத்த ஓரடி வயரும்.

புதிதாக வாங்க வேண்டியவை: 212 மில்லிமீட்டர் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவிலுள்ள பைலட் பேரிங், கிராங்க் பின் சீல், டிஃபரென்ஷியல் சீல் இரண்டு, ஆக்சில் நட்டுகள், ஆக்சில் முனையிலுள்ள வளையங்கள், பால் ஜாயின்ட்டின் காட்டர் பின்கள். பெட்டி வெளியே இருக்கும்போது சில டாலருக்கு மாற்றிவிடக்கூடிய சீலை விட்டுவிட்டால், பின்னால் அது ஒழுகும்போது முழுவதையும் மறுபடி இறக்க வேண்டிவரும்.

பெட்டி தேர்வில் ஒரு விஷயம். டிஎக்ஸ், எல்எக்ஸ் பெட்டியின் இறுதி விகிதம் (டிஃபரென்ஷியலின் கியர் விகிதம்) 3.722, ஈஎக்ஸ் பெட்டியில் 4.25. இரண்டும் டி16இல் அப்படியே ஏறும். ஊருக்குள் சுறுசுறுப்பு வேண்டுமானால் ஈஎக்ஸ், நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓட வேண்டுமானால் எல்எக்ஸ். வேகமானி சென்சார் டிஃபரென்ஷியலில் இருந்து சுழல்வதால் எதைப் போட்டாலும் வேகம் சரியாகவே காட்டும். 1999–2000 எஸ்ஐ மாடலின் பெட்டி பி16 எஞ்சினுக்கானது. விலை குறைவென்று அதை வாங்கிவிடாதீர்கள்.

ஈசியு வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1996–98க்கும் 1999–2000க்கும் பிளக்குகள் வேறு. ஐரோப்பியக் காரிலிருந்து வந்த ஈசியுவில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருக்கலாம். அதன் சாவி இல்லாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

<b>பெடலை முதலில் முடியுங்கள்</b>

பலர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பெடலுக்கு வருகிறார்கள். கார் தரையில் நிற்கும்போதே பெடல் வேலையை முடித்துவிடுவது நல்லது. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலை இது. ஸ்டாண்டின் மேல் நிற்கும் காரில் செய்தால் முதுகு போய்விடும்.

பேட்டரி இணைப்பை எடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள பிளாஸ்டிக்கைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை எடுத்து அதை இருக்கை மேல் சாயவிடுங்கள். ஃபயர்வாலின் (எஞ்சினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகடு) இன்சுலேஷனை விலக்கினால் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கான இடம் தெரியும். துளைகள் அடைக்கப்பட்டிருந்தால் அடைப்பை எடுத்தால் போதும். குறி மட்டும் இருந்தால், மாஸ்டர் சிலிண்டரின் கேஸ்கெட்டை அளவாக வைத்துத் துளையிட்டு, வெட்டிய விளிம்புக்குப் பெயிண்ட் அடியுங்கள். இல்லாவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடலை அப்படியே விட்டால் கிளட்ச் மிதிக்கும் கால் அதன் இடது ஓரத்தில் இடிக்கும். பிரேக் பூஸ்டரின் நான்கு நட்டுகளைக் கழற்றிப் பெடலை முழுதாக மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் பிரேக் விளக்கு சுவிட்ச் சரியான இடத்தில் இருக்கிறதா, பெடலை விட்டதும் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள்.

<b>ஆட்டோமேட்டிக்கை இறக்குதல்</b>

முன்பக்கம் குறைந்தது அரை மீட்டர் உயர்ந்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் கார் நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட் பார், டிரான்ஸ்மிஷன் ஜாக், டார்க் ரெஞ்ச், 32 மில்லிமீட்டர் சாக்கெட் இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஏடிஎஃப்பை (ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய்) வடியுங்கள், சுமார் 2.7 லிட்டர் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள்ளேயே (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயால் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்) இருக்கும். ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு கூலர் குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டர் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். ரேடியேட்டரை மாற்ற வேண்டியதில்லை.

ஆக்சில் நட்டைக் காரைத் தூக்கும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்தியிருக்க வேண்டும். இப்போது டாம்பர் ஃபோர்க்கைக் கழற்றி, கீழ்ப் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, நக்கிளை வெளியே திருப்பினால் ஆக்சில் வழிவிடும். பெட்டிப் பக்கத்தில் பிரை பாரை வைத்து ஒரே நெம்பாக நெம்புங்கள். ஆக்சிலைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயின்ட் பிரிந்துவிடும்.

அடுத்து கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கீழ் மூடியைக் கழற்றினால் டிரைவ் பிளேட்டை (ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலின் இடத்திலுள்ள தட்டு) கன்வெர்ட்டரோடு பிடிக்கும் சிறு போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியும், மொத்தம் எட்டு. கிராங்க் புல்லியைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். இந்த எஞ்சின் புல்லிப் பக்கத்திலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும், அதே திசையில் திருப்புங்கள். அந்தத் திசையில் புல்லி போல்ட்டே தளர வாய்ப்புண்டு. ஸ்பார்க் பிளக்குகளை முன்பே எடுத்துவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும், போல்ட்டுக்குச் சுமை ஏறாது. எட்டில் ஒன்று மிச்சமிருந்தாலும் பெட்டி பிரியாது. பிரியவில்லை என்று நெம்பாதீர்கள், இன்னொரு சுற்று சுற்றி எண்ணிப் பாருங்கள்.

கன்வெர்ட்டர் பெட்டியோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். பெட்டியின் வாய் கீழே சாய்ந்தால் அது சறுக்கிக் காலில் விழும். வாயின் குறுக்கே ஒரு பட்டையைக் கட்டிவிடுங்கள். பழைய ஆட்டோமேட்டிக்கை இருவர் இல்லாமல் தூக்க முயலவே கூடாது.

<b>ஃப்ளைவீலும் கிளட்சும்</b>

டிரைவ் பிளேட்டைக் கழற்றி, கிராங்க் பின் சீலை மாற்றி, கிராங்கின் முகத்தை எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். எஞ்சின் பிளாக்கில் இரண்டு டவல் பின்களும் (பெட்டியை நேராக உட்காரவைக்கும் குழல்கள்) இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பெரும்பாலும் ஒன்று பழைய பெட்டியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அது இல்லாமல் போட்டால் பெட்டி நேராக உட்காராது. இன்புட் ஷாஃப்ட்டும் பைலட் பேரிங்கும் சீக்கிரம் தேய்ந்து இரைச்சல் வரும்.

ஃப்ளைவீலின் முகத்தைக் கடைசல் பட்டறையில் தேய்த்து வாங்குவது நல்லது. ஆறு போல்ட்டுகளையும் எதிரெதிராக, படிப்படியாக 118 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

கிளட்ச் தட்டுக்குத் திசை உண்டு. ஸ்பிரிங்குகள் புடைத்து நிற்கும் பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் தட்டின் மையம் ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடித்து, பெடலை எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் விடாது. அலைன்மென்ட் கருவியைத் தட்டுக்குள் விட்டுப் பிடித்தபடி பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டிரண்டு திருப்பாக இறுக்கி 26 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் டயஃப்ரம் வளைந்துவிடும். கடைசியில் கருவியை உருவிப் பாருங்கள், தடங்கலின்றி வந்து மறுபடி தடங்கலின்றி உள்ளே போக வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களுக்கு கிரீஸ் மெல்லிய படலமாகப் போதும். அதிகம் பூசினால் சுழற்சியில் தெறித்துத் தட்டில் படிந்து கிளட்ச் வழுக்கும்.

<b>பெட்டியை ஏற்றுதல்</b>

ஜாக்கில் பெட்டியின் சாய்வை எஞ்சினின் சாய்வோடு ஒத்துவரும்படி செய்வதில்தான் நேரம் போகும். இன்புட் ஷாஃப்ட் தட்டுக்குள் நுழைந்ததும் கியரில் போட்டு, ஆக்சில் துளையில் எதையாவது விட்டு டிஃபரென்ஷியலை லேசாகத் திருப்புங்கள்; பற்கள் பொருந்தும். அதன்பின் இடைவெளி கைவலுவிலேயே முழுதாக மூட வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருக்கும்போதே போல்ட் போட்டு இழுத்தால் பெட்டியின் அலுமினியக் காது உடையும். பெட்டியைத் தட்டின் மேல் தொங்கவிட்டு ஓய்வெடுக்கவும் கூடாது. தட்டின் நடுப்பகுதி வளைந்தால் கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கும், அதைக் கண்டுபிடிக்க மறுபடி இறக்க வேண்டும். பெட்டி போல்ட்டுகளுக்கு 64 நியூட்டன் மீட்டர்.

கியர் லிவரின் கம்பியைப் பெட்டியோடு பிடிப்பது 8 மில்லிமீட்டர் ஸ்பிரிங் பின். இந்த வேலையிலேயே எரிச்சலூட்டும் பொருள் அதுதான். ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, கிளிப்பை எடுத்து, சரியான அளவு பஞ்ச் வைத்துத்தான் தட்ட வேண்டும். சிறிய பஞ்ச் பின்னின் நடுவில் புகுந்து சிக்கிக்கொள்ளும்.

எண்ணெய் 1.8 லிட்டர், பெட்டியைப் பிரித்துக் கோத்திருந்தால் 1.9. ஹோண்டா எம்டிஎஃப் (மேனுவல் பெட்டிக்கான எண்ணெய்) ஊற்றுங்கள். கார் மட்டமாக நிற்கும்போது நிரப்பும் துளையில் வழிந்தால் சரி. கெட்டியான ஜிஎல்-5 கியர் ஆயிலைத் தவிருங்கள். குளிரில் கியர் விழ மறுக்கும், பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கும் அது ஆகாது.

ஆக்சில் நட்டு 181 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டுகள் 108.

ஸ்லேவ் சிலிண்டரைப் பெட்டியில் பூட்டும் முன் பெடலைத் தொடாதீர்கள், பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, குழாயிலுள்ள காற்றை எடுக்க, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடி, மூடிய பிறகே பெடலைத் தூக்கச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பெடல் தரையிலேயே கிடக்கும். கையால் தூக்கித் தூக்கி மிதியுங்கள்.

<b>வயரிங்</b>

பழைய ஷிஃப்டரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கன்சோலுக்குள் ஷிஃப்டரை ஒட்டியுள்ள கியர் பொசிஷன் சுவிட்சின் பிளக்கைப் பிரித்து, சுவிட்ச் பக்கத்தில் லிவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து சோதியுங்கள். பார்க், நியூட்ரல் இரண்டிலும் இணைந்து மற்ற எதிலும் இணையாத ஜோடி ஸ்டார்ட்டருக்கானது. ரிவர்ஸில் மட்டும் இணையும் ஜோடி ரிவர்ஸ் விளக்குக்கானது. வயரின் நிறத்தை நம்பாதீர்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

ரிவர்ஸ் ஜோடியை நீட்டிப் பெட்டியிலுள்ள சுவிட்சுக்குக் கொண்டுபோங்கள். ஸ்டார்ட்டர் ஜோடியை வெறுமனே முறுக்கி இணைத்துவிடுவார்கள் பலர். அது வேண்டாம். கியரில் நிறுத்திய காரின் சாவியை யாராவது திருப்பினால் கார் பாயும். முன்னால் ஒரு குழந்தை நிற்கலாம். கிளட்ச் பெடலின் சுவிட்சை இடையில் கொண்டுவாருங்கள். அந்த வயர் ஸ்டார்ட்டரின் சாலினாய்டுக்கு நேரடியாக மின்சாரம் கொண்டுபோகிறது என்றால், சிறு சுவிட்ச் கருகாமல் இருக்க 30 ஆம்பியர் ரிலே ஒன்றைச் சேருங்கள்.

பார்க் நிலை இல்லாததால் சாவி சிலிண்டரிலிருந்து வர மறுத்தால், அங்குள்ள கீ இன்டர்லாக் சாலினாய்டின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கின் ஈசியுவை அப்படியே விட்டால் எஞ்சின் ஓடும். ஆனால் காணாமல் போன ஷிஃப்ட் சாலினாய்டுகளை (பழைய பெட்டியில் கியர் மாற்றிய மின் வால்வுகள்) தேடி டேஷ்போர்டில் டி4 விளக்கு மினுக்கும், செக் எஞ்சின் எரியும், எமிஷன் சோதனையில் கார் தேறாது. அதே ஆண்டு வரிசையில் அதே எஞ்சினுக்கு வந்த மேனுவல் ஈசியுதான் வேண்டும்.

<b>முதல் ஓட்டத்துக்கு முன்</b>

சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கும்போதே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் சுற்றாமல் நிற்க வேண்டும், விட்டால் சுற்ற வேண்டும். மிதித்தும் சுற்றினால் முதலில் கிளட்ச் குழாயிலிருந்து மறுபடி காற்றை எடுங்கள், பிறகு பெடல் ராடின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் தட்டு தலைகீழாக இருக்கலாம் அல்லது வளைந்திருக்கலாம். ரிவர்ஸ் போடும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தாலும் இதே வரிசையில் தேடுங்கள்.

திருப்பத்தில் ஆக்சில் நழுவினாலோ வேகத்தில் முன்பக்கம் அதிர்ந்தாலோ, ஆட்டோமேட்டிக்கின் ஆக்சில் எங்காவது கலந்திருக்கும். லிவர் நியூட்ரலில் தொளதொளவென்று ஆடினால் புஷ்களை மாற்றுங்கள், பெட்டியில் குறையில்லை.

புது கிளட்சுக்கு முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமான ஓட்டம் வேண்டும். முழு ஆக்சிலரேட்டரும் மேட்டில் கிளட்சைப் பாதி பிடித்து நிற்பதும் ஆகாது. ஒரு வாரம் கழித்து மவுண்ட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள், எண்ணெய் அளவைப் பாருங்கள், ஸ்லேவ் சிலிண்டரின் உறையைத் தூக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை காரின் கோப்பில் வையுங்கள்.