நேர்முகப் பரீட்சையில் உடல்மொழியும் பேச்சும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் நம்மவர் பலரைப் பின்னடையச் செய்வது திமிர் அன்று, அளவுமீறிய பணிவே. பெரியவர்கள் முன் தலை தாழ்த்திப் பேசுவதே மரியாதை என்று வீட்டில் பழகியவர், தேர்வுக் குழுவின் முன்னும் மேசையைப் பார்த்தபடி பதில் சொல்கிறார். குழுவினரோ அதைத் தயக்கம் என்றோ, எதையோ மறைக்கிறார் என்றோ எடுத்துக்கொள்கின்றனர். அதற்காக ஒருவரையே கண்கொட்டாமல் நோக்குவதும் பொருந்தாது. கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, இடையில் மற்றவர்களையும், குறிப்பாக ஓரமாக அமர்ந்து குறிப்பெடுப்பவரையும், பார்த்துப் பேசுவதே இயல்பானது. ஆமோதிப்பதற்காக நாம் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது, சூம் வழியாக இணையும் வெளிநாட்டு அதிகாரிக்கு மறுப்பாகத் தோன்றக்கூடும் என்பதால், வாய்திறந்து சொல்லிவிடுவது நல்லது.

கோட்டை புகையிரத நிலையத்திலிருந்து உலக வர்த்தக மையம் வரை வெயிலில் விரைந்து நடந்து, வியர்வையைத் துடைத்தபடியே உள்ளே நுழைவதும் தவறுதான். சற்று முந்திச் சென்று கீழ்த்தளத்தில் ஆறுதலாக அமர்ந்திருக்கலாம்.

தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பு கூறினாலும், தனியார் நிறுவனங்களின் நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகிறது. அங்கே அமர்ந்தவுடன் “என் ஆங்கிலம் அவ்வளவு நல்லதல்ல” என்று மன்னிப்புக் கேட்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை. கவனிக்காமலே விட்டிருக்கக்கூடிய பிழைகளைக் குழுவினர் அதன்பின் எண்ணத் தொடங்குவர். பிழையை மறைப்பதற்காக வேகமாகப் பேசுவதும், வாக்கியத்துக்கு ஒரு “சேர்” சேர்ப்பதும், சொல் வராத இடத்தையெல்லாம் “ஆக்சுவலி”யால் நிரப்புவதும் அதே பதற்றத்தின் வெளிப்பாடுகளே. சிறிய வாக்கியங்களாகப் பேசி, தேவையான இடத்தில் ஓரிரு விநாடிகள் மௌனமாக இருந்தால் யாரும் குறையாக நினைப்பதில்லை. சிங்களத்தில் கேட்டால், தெரிந்த அளவுக்குப் பதிலளித்துவிட்டு, மிகுதியை ஆங்கிலத்தில் தொடர அனுமதி கேட்கலாம்.

தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 வீதம் மட்டுமே என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதை நம்பி, விடயத்தைப் படிக்காமல் கண்ணாடி முன் நிற்பவர்களும் உள்ளனர். 1967இல் வெளியான, உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியனின் ஆய்வுகளிலிருந்து வந்த அந்தக் கணக்கு, விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளை வெளிப்படுத்துவது பற்றியது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது. கணக்காளர் பதவிக்கு வந்தவருக்கு ஐந்தொகை பற்றிய கேள்விக்கு விடை தெரியாவிட்டால், நிமிர்ந்த முதுகு கைகொடுக்காது.

இறுதியில் “உங்களுக்கு ஏதும் கேள்விகள் உண்டா?” என்று கேட்கும்போது, “ஒன்றுமில்லை சேர்” என்று அவசரமாக எழுந்துவிடுவது பரவலான தவறு. முதல் ஆறு மாதங்களில் அந்தப் பதவியில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டாலே போதுமானது.