மட்டக்களப்பு டவுனில் பைத் தோட்டம்: முதன்முறை தொடங்குபவர்களுக்கு

2022 இல் சாமான் விலை ஏறி, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்ன நேரம் ஞாபகம் இருக்கும். அப்போது நம் பக்கம் மதிலோரம் எல்லாம் பைத் தோட்டம் வந்தது. அடுத்த வருடமே பல வீடுகளில் பையும் மணலும்தான் மிச்சம். தொடங்கிய மாதம் சரியில்லை, நிரப்பிய மண்ணும் சரியில்லை. இந்த இரண்டையும் சரியாகப் பிடித்தால் வேலைக்குப் போய் வருகிறவர்களும் வீட்டுக்குத் தேவையான கொச்சிக்காயை (மிளகாயை) சின்ன வளவிலேயே பறிக்கலாம்.

1. மாதத்தைப் பாருங்கள்

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அப்போது கொச்சி, கத்தரி, தக்காளி நட வேண்டாம். நமக்கு வருட மழையில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டிவிடும். பையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், போட்ட பசளை எல்லாம் கழுவுப்பட்டுப் போகும். மார்கழிக் கடைசியில் நாற்று போட்டு, தையில் மழை தணிந்ததும் நடுங்கள். மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று கடுமையாக அடிக்கத் தொடங்குவதற்குள் நல்ல காய்ப்பு எடுத்துவிடலாம். மழைக்காலத்தில் சும்மா இருக்க மனமில்லை என்றால் பசளிக்கீரையும் பொன்னாங்காணியும் போடுங்கள். அவை ஈரத்தைத் தாங்கும்.

2. தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள்

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி பக்கம் ஒரு புறம் வாவி, மறு புறம் கடல். மழைக்காலத்தில் இனிக்கும் கிணறு ஆடியில் கரிக்கும். கரிப்பது நாக்குக்குத் தெரிந்தால் செடிக்கும் தெரியும்: இலை ஓரம் கருகும், பை மண்ணின் மேல் வெள்ளையாகப் படியும். அந்த மாதங்களில் குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, இரவு திறந்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை பையின் அடியால் வடியும் அளவுக்கு நன்றாக ஊற்றினால், தங்கிய உப்பும் இறங்கிவிடும்.

3. பை நிரப்புவது

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம்.

பழைய பசளைப் பையோ 25 கிலோ அரிசிப் பையோ போதும். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் சுற்றிவர ஆறு துளை போடுங்கள். அடியில் பொச்சுமட்டைத் துண்டுகளை, நார்ப் பக்கம் மேலே பார்க்க, ஒரு வரிசை அடுக்குங்கள். தண்ணீரைக் குடித்து வைத்து, வெயில் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அதன்மேல் கலவை. நம் வளவு மணல் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு (தேங்காய் மட்டையின் தும்பிலிருந்து உதிரும் தூள்) ஒரு பங்கு. தும்புச்சோற்றை அப்படியே போடக் கூடாது. வாளியில் ஊறவைத்து, வரும் சிவந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை கழுவிப் பிழிய வேண்டும். அதில் உப்பு இருக்கும். எருவை மூக்கருகில் வைத்துப் பாருங்கள். சாண நாற்றம் போய் மழை பெய்த மண்ணின் வாசம் வந்தால்தான் உக்கியிருக்கிறது. பச்சை எரு சூடு கிளப்பி வேரைக் கருக்கிவிடும்.

கலந்ததைக் கையில் பிடித்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உடனே உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது, இன்னும் எரு போடுங்கள். பையை முக்கால்வாசி நிரப்பி, தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் அமர விடுங்கள். முதல் வருடத்துக்கு ஏழெட்டுப் பை போதும், ஆசைப்பட்டு முப்பது வைக்க வேண்டாம்.

4. விதையும் நாற்றும்

கமநல சேவை நிலையத்தில் கேட்டு நல்ல விதை வாங்குங்கள். கறிக்கு வாங்கிய செத்தல் கொச்சிக்காயின் விதையை நம்பாதீர்கள், முளைப்பு குறைவு. கொச்சியும் கத்தரியும் நாற்றுப் போட்டு, 25, 30 நாளில் பைக்கு ஒன்றாக மாலை நேரத்தில் நட வேண்டும். வெண்டி விதையை ஓரிரவு ஊறவைத்து நேரே பையில் ஊன்றலாம். ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் பூத்து, அப்புறம் இரண்டு நாளைக்கொருமுறை பறிக்க வேண்டியிருக்கும். விட்டால் முற்றிவிடும்.

5. தினமும் செய்வது

காலையில் வேலைக்குப் போகுமுன் தண்ணீர், அவ்வளவுதான். மேல்மண்ணைக் காய்ந்த ஓலையாலோ வைக்கோலாலோ மூடிவிடுங்கள். மணல் பசளையைப் பிடித்து வைக்காது, ஆகவே ஒரேயடியாகப் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு போடுங்கள். மீன் கழுவிய தண்ணீரும் நல்லது, ஆனால் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய தண்ணீரை ஊற்றாதீர்கள். கேட்டைச் சாத்தி வையுங்கள். ரோட்டில் திரியும் மாடு ஐந்து நிமிடத்தில் மூன்று மாத உழைப்பைத் தின்றுவிட்டுப் போகும்.

6. கொச்சி இலை சுருண்டால்

மனசு உடைவது இந்த இடத்தில்தான். பலர் செடியையே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள், அது தேவையில்லை. நுனி இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகாகச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. இலைப்பேன் வெயில் ஏறி, காற்று காயும் நாட்களில்தான் பெருகும்.

சுருண்ட நுனிகளைக் கிள்ளி வளவுக்கு வெளியே அகற்றுங்கள். ஒரு லீட்டர் தண்ணீரில் 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெயும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளியும் விட்டுக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மேலே மட்டும் தெளித்துப் பயனில்லை, பூச்சி இருப்பது அடியில். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் விடாமல் செய்தால் புதுத்துளிர் நேராக வரும். வந்தால் செடி தப்பிவிட்டது. இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகிக் குறுகினால் அது வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சாறு குடிக்கும் பூச்சிகள் பக்கத்துப் பைக்கும் கொண்டு போகும். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

7. கச்சான் தொடங்கியதும்

பைகளை மதிலின் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். பின்னேர வெயிலும் மேற்கிலிருந்து வரும் காற்றும் நேரே படாது. பையில் நடுவதன் பெரிய வசதியே இந்த நகர்த்தல்தான். தண்ணீர் காலையும் மாலையும். கொச்சி அப்போது பூ உதிர்க்கும். பயப்பட வேண்டாம், கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு ஈரம் காயாமல் பார்த்தால், புரட்டாதியில் மறுபடி துளிர்க்கும். மழை இறுகுமுன் இன்னொரு பறிப்பு கிடைக்கும்.