டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்: பரபரப்பில்லாத காலைக்கு ஒரு செய்முறை

ஸ்கூல் வேன் 7:40க்கு வரும். 7:38க்கு ஒரு ஷூ காணாமல் போகும். போன வருடம் வரை சென்னையில் எங்கள் வீட்டுக் காலை இப்படித்தான் இருந்தது. வேன் போன பிறகு நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆபீசுக்குக் கிளம்புவோம். அந்த எரிச்சல் மதியம் வரை கூடவே வரும்.

இதைச் சரிசெய்ய நான் முதலில் செய்தது பெரிய தப்பு. 4:30க்கு எழுந்து யோகா, தியானம், நடை, டைரி, வெந்நீரில் எலுமிச்சை என்று ஒரு நீளமான பட்டியல் போட்டேன். நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் மீட்டிங்கில் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது மிகச் சின்ன விஷயம். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் பதினைந்து நிமிடம் சும்மா உட்காருகிறோம். மற்றதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான். உங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி இதை மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: எப்போது குரல் உயர்கிறது என்று பாருங்கள்

மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வையுங்கள். வீட்டில் யாராவது கத்தினால், நேரத்தையும் காரணத்தையும் மட்டும் குறியுங்கள். எங்கள் காகிதத்தில் இருந்தது இது: 7:05 டிபன் பாக்ஸ் மூடி, 7:20 ஐடி கார்டு, 7:25 கையெழுத்துப் போடாத டைரி, 7:38 ஷூ. இவற்றில் ஒன்றுகூட காலை வேலை இல்லை. எல்லாம் முந்தின இரவே முடிந்திருக்க வேண்டியவை.

படி 2: இரவில் இருபது நிமிடம்

சாப்பிட்ட பாத்திரம் கழுவியதும், அந்தக் காகிதத்தில் உள்ளதை மட்டும் முடியுங்கள். எங்களுக்கு அது: பையும் ஷூவும் வாசல் பக்கம், ஐடி கார்டு பையின் மேல், டிபன் பாக்ஸ் மூடியோடு மேடையில், காய் நறுக்கி டப்பாவில். கரண்ட் போனாலும் தடுமாறாமல் இருக்க மோட்டாரைப் போட்டு டேங்கை இரவே நிரப்பிவிடுவேன்.

காபிப் பொடியை இரவே ஃபில்டரில் போட்டு வைக்கலாமே என்று கேட்டேன். “வாசனை போயிடும்டா” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சிலர் இரவே வெந்நீரும் ஊற்றிவிடுவார்கள். காலையில் டிகாக்‌ஷன் தயாராக இருக்கும், ஆனால் உட்காரச் சாக்கு இருக்காது. எனவே வேண்டாம்.

படி 3: எழும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

வேன் 7:40. குளியல், டிபன், தலை பின்னுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதற்கு முன் எங்கள் பதினைந்து நிமிடம், பல் தேய்க்கப் பத்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் 5:45. நீங்கள் இப்போது 6:30க்கு எழுபவர் என்றால் ஒரேயடியாக முன்னே போகாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னால் நகருங்கள். படுக்கும் நேரமும் கூடவே நகர வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் பலன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்குகிறது. சென்னையில் ஜூன் மாதம் சூரியன் 5:42 வாக்கில் உதிக்கும். அப்படியென்றால் 4:06க்கு எழ வேண்டும். இரவு 11க்குப் படுப்பவருக்கு அது ஐந்து மணி நேரத் தூக்கம். வயது வந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். நாலு மணிக்கு எழுந்த நம் தாத்தா பாட்டி எட்டு மணிக்கே பாயை விரித்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா?

படி 4: போன் ஹாலில் தூங்கட்டும்

சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். படுக்கை அறைக்கு மணி அடிக்கும் சாதாரணக் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். போனில் அலாரம் வைத்தால், அதை அணைக்கும்போதே குடும்ப வாட்ஸப் குழுவின் நாற்பது ‘காலை வணக்கம்’ கண்ணில் படும், அதற்குக் கீழே மேனேஜரின் செய்தியும் இருக்கும்.

படி 5: டிகாக்‌ஷன்

தண்ணீர் கொதிக்கும்போது ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போடுங்கள். நாங்கள் மூன்று பேருக்கு நான்கு கரண்டி போடுகிறோம். ஃபில்டரோடு வரும் குடை மாதிரியான கம்பியால் லேசாக அழுத்துங்கள், இறுக்கினால் சொட்டாது. கொதித்த தண்ணீரைச் சுற்றிலும் மெல்ல ஊற்றி மூடுங்கள். சிக்கரி கலந்த பொடி இன்னும் நிதானமாக இறங்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

இப்போது அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்கோ வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போங்கள். வெளியே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தின் அளவை மூளையின் கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் பட்டால் அந்தக் கடிகாரம் சரியாக முடுக்கப்பட்டு, இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும். டியூப்லைட்டைவிட மேகம் மூடிய வானமே பல மடங்கு வெளிச்சம். ஜனவரியில் 6:30 தாண்டித்தான் விடியும் என்பதால், அந்த மாதம் நான் காபி டம்ளரோடு மறுபடி மாடிக்குப் போவேன்.

உட்கார்ந்து என்ன செய்வது? ஒன்றும் வேண்டாம். காக்கை, பால்காரர் சைக்கிள், எதிர்வீட்டில் வாசல் தெளிக்கும் சத்தம் போதும். முதல் வாரம் கை போனைத் தேடும். அப்போது நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். ஐந்து நிமிடத்தில் தோள் தானாக இறங்கும்.

டீ குடிப்பவர்களுக்கு இந்த வழி சரிவராது, டீ நாலு நிமிடத்தில் தயாராகிவிடும். கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, அடிபம்பில் குடம் நிறைவது என்று தினமும் தவறாமல் நடக்கும், அவசரப்படுத்த முடியாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு எழுந்திருக்கும் நேரம்தான் காலை.

படி 6: வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள்

இரண்டாவது வாரம் நான் மாடியில் சாந்தமாக உட்கார்ந்திருந்தபோது மனைவி வந்து நின்றாள். “நீங்க அமைதியா இருக்கீங்க, சரி. சட்னி யார் அரைக்கிறது?”

பதில் இல்லை. அவள் கேட்கும் வரை எனக்கு அது தோன்றவும் இல்லை. ஒருவர் மாடியில் மூச்சை எண்ண, இன்னொருவர் கீழே நான்கு டப்பா கட்டினால், அதற்கு நிதானமான காலை என்று பெயர் வைக்கக் கூடாது. திங்கள், புதன், வெள்ளி சட்னியும் டப்பாவும் இப்போது என் பொறுப்பு. மற்ற நாள் அவளுடையது. டிகாக்‌ஷன் இறங்கும் வரை இருவருமே அடுப்பைத் தொடுவதில்லை, இட்லிப் பானை காபிக்குப் பிறகுதான் ஏறும். என் சட்னியில் உப்பு அதிகம் என்று புகார் உண்டு.

படி 7: நாட்களை எண்ணாதீர்கள்

21 நாளில் பழக்கம் படியும் என்பார்கள். அது 1960இல் ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகும் காலத்தைப் பற்றி எழுதியதிலிருந்து திரிந்து வந்தது. அவர்கூடக் ‘குறைந்தது’ என்றுதான் சொன்னார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அதனால் குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்றால் விட்டுவிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் வரை நடை, யோகா என்று எதையும் கூடச் சேர்க்காதீர்கள்.

அப்புறம், டிகாக்‌ஷன் அரைமணி ஆகியும் இறங்கவில்லை என்றால் ஓட்டைகள் அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தை நன்றாகக் கழுவி, அடியை அடுப்புத் தீயில் காட்டிச் சுட்டு எடுத்தால் அடைத்த தூள் கருகி உதிரும். அதை ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், திங்கள் காலையில் வேண்டாம்.