ஏற்காட்டில் நெபுலா படமா? கேமராவை வடக்கே திருப்புங்கள்

ஏற்காட்டில் மங்கலான நெபுலாவை (விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகத்தை) படமெடுக்கப் போகிறீர்கள் என்றால், தலைக்கு மேலோ வடக்கு வானத்திலோ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சேலம் நகரம் மலைக்குத் தெற்கே இருக்கிறது. அதன் விளக்கு வெளிச்சம் தெற்கு அடிவானத்தை வெளிறச் செய்துவிடும்.

வான வெளிச்சம் இரு மடங்கானால், அதே தரத்தில் படம் கிடைக்க மொத்த எக்ஸ்போஷர் நேரமும் (கேமரா ஒளியைச் சேர்க்கும் நேரம்) ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். அப்படி வெளிறிய தெற்கே 4 மணி நேரம் ஒளி சேர்ப்பதைவிட இருட்டான திசையில் 2 மணி நேரம் சேர்ப்பது மேல். மலைக்குளிரில் மிச்சமாகும் அந்த 2 மணி நேரம் பெரிய விஷயம்!

ஜனவரி நடுவில் இரவு 8 மணியிலிருந்து 9 மணிக்குள் கலிஃபோர்னியா நெபுலாவும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் உச்சியை ஒட்டி வந்துவிடும். சாதாரண கேமரா என்றால் கார்த்திகையையே எடுங்கள். அதைச் சூழ்ந்த நீல ஒளி நன்றாகப் பதியும். கலிஃபோர்னியாவின் ஒளி பெரும்பாலும் 656 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு. கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டரே அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

நிலா இருக்கும் இரவில் இது உதவாது, எந்தத் திசையும் வெளிறித்தான் இருக்கும். மூடுபனி இறங்கினாலும் அப்படியே. கரினா நெபுலா வேண்டுமென்றால் வேறு வழியில்லை. நம் ஊரில் அது தெற்கே தாழ்வாகத்தான் எழும்; சேலத்துக்குத் தெற்கே ஓர் இருட்டு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.