செமித்திய விலங்குப் பெயர்களுக்கு வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபி, யூதர்களின் எபிரேயம், அரமேயம், பண்டைய மெசபடோமியாவின் அக்காதியம் முதலியவை செமித்தியம் என்ற ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் அரபியில் நாய்க்குக் 'கல்ப்' என்று பெயர். இதயத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'கல்ப்' என்றே எழுதுகிறோம். நன்றியுள்ள பிராணிக்கு நெஞ்சின் பெயர் அமைந்தது என்று இதற்கு விளக்கம் சொன்னால் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் நாயின் பெயர் நம் ககரத்தில் தொடங்க, இதயத்தின் பெயரோ உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் வேறொரு மெய்யில் தொடங்குகிறது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடுவதால், தமிழ் வடிவத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதே நாம் செய்யும் முதல் தவறு.

ஒரே மூலத்திலிருந்து வெவ்வேறு மொழிகளில் கிளைத்த உண்மையான உறவுச் சொற்கள் பெரும்பாலும் ஒத்து ஒலிப்பதில்லை. காளையைக் குறிக்கும் அரபுச் சொல் 'தவ்ர்'. எபிரேயத்தில் அது 'ஷோர்', அரமேயத்தில் 'தோரா', அக்காதியத்தில் 'ஷூரு'. அரபியில் பல்லிடை நாவால் ஒலிக்கும் தகரம் வரும் இடத்தில் எபிரேயத்தில் ஷகரம் வருவது தற்செயலன்று. மூன்று என்ற எண்ணும் அரபியில் 'தலாதா', எபிரேயத்தில் 'ஷலோஷ்' என்று அதே ஒழுங்கில் நிற்கிறது. இத்தகைய ஒழுங்கு பல சொற்களில் திரும்பத் திரும்பத் தென்படாத வரை உறவைப் பற்றிப் பேசாதிருப்பதே நல்லது.

பொருள் மாறாது என்று கொள்வதும் பிழை. அரபியிலும் எபிரேயத்திலும் ஓநாயைக் குறிக்கும் சொல்லின் உடன்பிறப்பு, எத்தியோப்பியாவின் பழைய கீஸ் மொழியில் கழுதைப்புலியைக் குறிக்கிறது. அதுபோலவே, ஒட்டகத்துக்கான 'ஜமல்' அழகுக்கான 'ஜமால்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வோர், மூன்று மெய்கள் ஒத்திருப்பதையே சான்றாக்குகிறார்கள். எபிரேயத்தில் 'காமால்' என வழங்கும் ஒட்டகத்தின் பெயருக்கு அங்கே அழகோடு எத்தொடர்பும் இல்லை. கிரேக்கர் இப்பெயரைச் செமித்திய மொழியிலிருந்து கடன் வாங்கினர் என்பதால் கிரேக்கம் செமித்திய மொழி ஆகிவிடவில்லை.

நம்மவர் மிகவும் விரும்பும் எடுத்துக்காட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றுள் பைபிள் கூறும் 'துக்கீம்' மயில்களே என்றும், அச்சொல் தமிழ்த் 'தோகை'யிலிருந்து வந்தது என்றும் கால்டுவெல் எடுத்துரைத்தார். கருதத்தக்க கருத்துத்தான், ஆயினும் 'துக்கீம்' என்பதைக் குரங்கைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லோடு இணைப்போரும் உண்டு. தோகையே மூலம் என்று கொண்டாலும், வணிகத்தின் வழியே ஒரு சொல் கடல் கடந்தது என்றுதான் ஆகுமே தவிர, எபிரேயம் தமிழிலிருந்து பிறந்தது என்று ஆகாது. இன்றைய எபிரேய அகராதியைப் புரட்டித் தீர்ப்புச் சொல்லவும் இயலாது: அதில் 'துக்கி' என்றால் கிளி, மயிலுக்கோ கிரேக்கத்திலிருந்து வந்த 'தவாஸ்' என்ற பெயர் வழங்குகிறது.